கடைசி முடிச்சு போடாத குல்லா

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், பாறுக் கழுகுக்குத் தலை நிறைய முடி இருந்தது. வெள்ளைவெளேரென்று, பஞ்சு மாதிரி. இன்றைக்கு அந்த மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்கிறார்கள். ஒரு பாவமும் கிடையாது. நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

காட்டோரத்துப் பனைமரத்தில் செல்லாண்டி என்ற தூக்கணாங்குருவியும் அவன் பெண்டாட்டி குறிஞ்சாயியும் குடியிருந்தார்கள். அப்போதெல்லாம் அவர்கள் கூடு தொங்காது. மட்டை இடுக்கில் கிண்ணம் மாதிரி திறந்து கிடக்கும். ஆனால் குல்லா பின்னுவதில் செல்லாண்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்னச் சொன்னவர் கொடுத்த வாக்கை முழுசாக நிறைவேற்றும்வரை கடைசி முடிச்சைப் போடமாட்டான். ஒரு சாண் நூலை அப்படியே தொங்க விட்டுவைப்பான்.

ஒருநாள் பாறு அண்ணாச்சி வந்தார். உச்சி வானத்தில் பறக்கையில் காது விறைத்துப்போகிறதாம். கதகதப்பாக ஒரு குல்லா வேண்டுமாம், அதுவும் பார்க்கிறவன் கண்ணை எடுக்கக் கூடாதாம். செல்லாண்டி முடியாது என்றான். கூட்டில் மூன்று முட்டைகள், மரத்தடியில் சாரைப்பாம்பு. குறிஞ்சாயி இரை தேடப் போனால் அவன்தான் காவல்.

"குஞ்சு பொரித்துப் பறக்கிறவரைக்கும் உன் கூட்டுக்கு நான் காவல்" என்றார் அண்ணாச்சி. "என் நிழல் விழுகிற மரத்தில் பாம்பு ஏறுமா?"

குறிஞ்சாயிக்கு மனசு ஒப்பவில்லை. பெரிய மனுஷர் சொன்னால் சொன்னதுதான் என்று செல்லாண்டி அவள் வாயை அடைத்துவிட்டான்.

கண்ட பஞ்சும் தன் தலையில் ஏறக் கூடாது என்று அண்ணாச்சி தன் முடியையே வேரோடு பிடுங்கிக் கொடுத்தார். குல்லா இருக்கையில் முடி எதற்கு என்ற மிதப்பு. பனையில் காற்றுக்குப் பஞ்சு பறந்துவிடும் என்பதால் செல்லாண்டி பாறை இடுக்கில் உட்கார்ந்து எட்டு நாள் பின்னினான். ஆறாம் நாள் குஞ்சு பொரித்தது. எட்டாம் நாள், கடைசி முடிச்சைத் தவிர, குல்லா முடிந்தது. விளிம்பில் இரட்டை மடிப்பு, பக்கவாட்டில் சடைப்பின்னல், உச்சியில் குஞ்சம்.

விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி காவலை விட்டுவிட்டுப் பாறைக்கு ஓடி வந்தார். குஞ்சுகளுக்கு யார் காவல் என்று செல்லாண்டி கேட்டான். மாட்டிப் பார்த்துவிட்டு இதோ போகிறேன் என்றவர், மாட்டின கையோடு ஏரிக்கரைக்குப் பறந்தார். கொக்கும் நாரையும் கூடுகிற இடமாயிற்றே.

செல்லாண்டி அப்போதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மடையன். யார் கைவேலை என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று அவனும் பின்னாலேயே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நாரைகள் குல்லாவைப் புகழப் புகழ அவனுக்கு நெஞ்சு விம்மியது.

அப்போதுதான் குறிஞ்சாயி வந்தாள். குஞ்சுகளுக்கு எடுத்துப்போன புழு இன்னும் அவள் அலகில் இருந்தது. அதை அவன் காலடியில் போட்டாள்.

"ஊரார் தலைக்குக் குல்லா பின்னப் போனீங்களே, நம்ம பிள்ளைங்க தலைக்கு மேல என்னத்தைப் போட்டுட்டுப் போனீங்க? மூணையும் பாம்பு விழுங்கிட்டுப் போயிருச்சு."

ஏரியில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே அண்ணாச்சிதான் முந்திக்கொண்டு பேசினார். மூன்று குஞ்சுதானே, அடுத்த மழைக்கு மறுபடி முட்டை வைத்தால் ஆயிற்று என்றார்.

செல்லாண்டிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணாச்சியாவது ஒன்றாவது. பாய்ந்து போய்த் தொங்கிய நூலை அலகால் கவ்வி இழுத்துக்கொண்டு அந்தத் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தான். குஞ்சம் போயிற்று, சடை போயிற்று, மடிப்பு போயிற்று. எட்டு நாள் வேலை நூலாகச் சரிந்து கழுத்தில் விழுந்தது. மேலே பார்த்தால் வெறும் தோல். நாரைகள் சிரித்த சிரிப்பு அக்கரை வரை கேட்டது.

"இருமய்யா, கடைசி முடிச்சு பாக்கி இருக்கு" என்று சொல்லி, சரிந்த பஞ்சைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டான். அதை அவிழ்க்க இன்றுவரை ஒருவராலும் முடியவில்லை. தலையில் முடியும் முளைக்கவில்லை.

குறிஞ்சாயி அதற்கெல்லாம் மனசு இளகவில்லை. பிள்ளைகளைத் திறந்த கூட்டில் விட்டது கழுகு இல்லையே. செல்லாண்டி கிணற்றுக்கு மேல் நீட்டிய கிளை நுனியில், பாம்புக்கு எட்டாதபடி, குல்லாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூடு பின்னிவிட்டு அவளைக் கூப்பிட்டான். அவள் வந்தாள். ஒவ்வோர் இழையாகக் கவ்வி இழுத்துப் பார்த்தாள். பறந்து போனாள். அவன் அடுத்ததை ஆரம்பித்தான்.

அன்று முதல்தான் பாறுக் கழுகுக்குத் தலை மொட்டை, கழுத்தில் பஞ்சு. அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் குல்லாவாகக் கூட்டைப் பின்னித் தொங்கவிட்டு, பெண் குருவி வந்து இழுத்துப் பார்க்கட்டும் என்று காத்திருக்கிறது. கிணற்றுக்கு மேல் பாதியில் நின்று ஆடுகிற கூடுகளைப் பார்த்திருப்பீர்களே, அத்தனையும் குறிஞ்சாயி வேண்டாமென்று விட்டுப் போனவை.