அண்ணன் இழுத்த போர்வை

அணுக்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில் பூமியில் கடல் கிடையாது. பெரிய பள்ளம் ஒன்று காய்ந்து கிடந்தது. தண்ணீர்க் குடும்பங்களும் மீத்தேன் குடும்பங்களும் ஆவியாய் வானத்தில் அலைந்தன. எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இறங்கி வந்தால் சூரியன் விரட்டிவிடுவான்.

தண்ணீர்க் குடும்பத்தில் ஆக்சிஜன் அண்ணன். ஹைட்ரஜன் தம்பிகள் இருவர். ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டுப் பொதுவில் போர்வை செய்து போர்த்திக்கொள்வது அணுக்களின் வழக்கம். பொது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஆக்சிஜனுக்கு இழுக்கிற கை, தூக்கத்திலும் இழுப்பான். மீத்தேன் குடும்பத்துக் கார்பனோ தன் தம்பிகளோடு ஏறக்குறையச் சமமாகப் போர்த்திக்கொள்ளும் தங்கமான பிள்ளை.

ஒரு மாலை, சூரியன் சாய்ந்த நேரம் பார்த்து எல்லாரும் பள்ளத்தில் இறங்கினார்கள்.

“இங்கேயே இருந்துடணும்டா. இனிமே என்னால அலைய முடியாது” என்றான் ஆக்சிஜன். சொல்லிவிட்டுத் தம்பிகளையும் சேர்த்துப் போர்வையைப் போர்த்தினான். ஆனால் குளிர் ஏறியதும் கை சும்மா இருக்கவில்லை. போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“அண்ணே, முதுகெல்லாம் வெளியில தெரியுது!” என்று கத்தினான் பெரிய தம்பி.

“வளர்ற பசங்களுக்கு எதுக்குடா போர்வை?”

தம்பி சுற்றிப் பார்த்தான். பக்கத்து வீட்டு ஆக்சிஜன் மேலும் போர்வை குவிந்து கிடந்தது. எட்டி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

“யாருடா அது, என் போர்வையில கை வைக்கிறது?” என்று எழுந்தான் அந்த வீட்டு அண்ணன்.

“உங்க தம்பி மட்டும் அடுத்த வீட்டுல என்ன பண்றானாம்? போய்ப் பாருங்க!”

பார்த்தால், தெரு முழுக்க அதே கூத்து. ஒவ்வொரு வீட்டுத் தம்பியும் அடுத்த வீட்டு அண்ணனின் போர்வையில் தொங்கினான்.

காலையில் சூரியன் வந்து உலுக்கினான். மீத்தேன்காரர்கள் யாரோடும் சண்டை போட்டதில்லை. பக்கத்து வீட்டில் யார் என்றுகூடத் தெரியாது. “போயிட்டு வரோம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பறந்தார்கள். தண்ணீர்க்காரன் ஒருவனைத் தூக்கினால் பக்கத்து வீட்டான் கூடவே வந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பக்கத்து வீட்டானும்.

“விடுங்கடா!”

“அவனை முதல்ல விடச் சொல்லு!” என்று பள்ளமே கத்தியது.

சூரியனுக்கே வியர்த்துவிட்டது. மேலே பிடி நழுவிய சிலரை மட்டும் தூக்கிக்கொண்டு போனான். ஆக்சிஜன் அழுதேவிட்டான்.

“தங்கிட்டோம்டா!”

“இப்பவாவது போர்வையைக் கொஞ்சம் விடேண்ணே” என்றான் தம்பி.

விடவில்லை.

கடல் கடலாகக் கிடப்பது அன்று முதல்தான். காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதிக்க இத்தனை நேரம் எடுப்பதும் அன்று முதல்தான். பக்கத்து வீட்டான் போர்வையை விட யாருக்கு மனசு வரும்?