வஞ்சிக்கொடி கேட்ட ஒரே விதி

மூங்கில் காட்டுக் குளக்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. அங்கே வஞ்சிக்கொடி என்ற புள்ளிமான்தான் எப்போதும் முதலிடம். மருதன் என்ற தேவாங்கு வந்து சேரும்வரைக்கும்!

மருதனுக்கு இரைச்சல் ஆகாது. நாலு பேர் சேர்ந்து பேசினாலே காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடும். ஒரு கேள்வியை மூன்று தடவை படித்தால்தான் அதற்குப் பிடிபடும். அதனால் பேராசிரியர் கரடி, தேர்வு எழுத அதற்கு ஒரு மரப்பொந்தும் கூடுதலாக ஒரு நாழிகையும் கொடுத்திருந்தார். அந்தப் பருவத்தில் முதலிடம் மருதனுக்குப் போயிற்று.

வஞ்சிக்கொடிக்கு வயிறு எரிந்தது. இளம்புல்கூடக் கசந்தது. மருதன் சிரித்தால் எரிச்சல். கரடி அதைப் பாராட்டினால் இன்னும் எரிச்சல்! குரங்கையும் அணிலையும் கூட்டிக்கொண்டு கரடியிடம் போய் நின்றது.

"ஐயா, மருதனுக்கு மட்டும் சலுகையா? அநியாயம்! எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே விதி வேண்டும்!"

பக்கத்தில் நின்ற மருதன், "நான் படிப்பை விட்டுவிடுகிறேன், ஐயா" என்றது மெல்ல.

வஞ்சிக்கொடிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கரடி தாடையைச் சொறிந்தார். "அவசரப்படாதே, மருதா. வஞ்சிக்கொடி, ஒரே இடம்தானே? சரி! நாளைக்கு இறுதித் தேர்வு. எல்லோரும் அந்த நாவல் மரத்து உச்சிக் கிளையில் உட்கார்ந்து எழுதுங்கள்!"

மறுநாள் குரங்கு தாவி ஏறியது. அணில் ஓடி ஏறியது. மருதன் நிதானமாகப் பற்றி ஏறியது. வஞ்சிக்கொடி நாலு தடவை பாய்ந்தது. நாலு தடவையும் சறுக்கி விழுந்தது.

"ஐயா, எனக்குக் குளம்பு! எப்படி ஏறுவேன்? பாடமெல்லாம் தெரியும், ஐயா!" அதன் கண் கலங்கியது.

"இத்தனை நாள் தேர்வைத் தரையில் வைத்தோமே, அது யாருக்கு வசதி?" என்றார் கரடி. "அதை ஒருநாளாவது சலுகை என்று நினைத்தாயா?"

மேலேயிருந்து மருதன் எட்டிப் பார்த்தது.

"ஐயா, அதற்குத் தரையிலேயே இடம் கொடுங்கள். தெரிந்ததை எழுதட்டும்!"

கரடி கேட்டதைவிட அதுதான் வஞ்சிக்கொடியைச் சுட்டது. அன்று மான் தரையில் எழுதியது. மருதன் தன் பொந்துக்குத் திரும்பி எழுதியது.

தேர்வு முடிந்ததும் மான் பொந்தருகே போனது. "மருதா, நீ படிப்பை விடுகிறேன் என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மன்னித்துவிடு."

முடிவு வந்தது. மறுபடியும் மருதன்தான் முதலிடம்! வஞ்சிக்கொடிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் முதலில் ஓடிப்போய் வாழ்த்தியது அதுதான்.

அடுத்தவருக்குக் கிடைக்கும் உதவியைக் கண்டு பொறாமைப்படுகிறவர், தமக்குக் கேட்காமலே கிடைத்திருக்கும் வசதியைக் காண்பதில்லை.