கேழ்வரகு மரம்

முன்னொரு காலத்தில், ஒரு தலைநகரத்துக்கே தானியமும் கீரையும் கொடுத்து வளர்த்த மண்ணுக்கு, ஒரு குழி நிலம் வெறும் மூன்று பணம் என்று விலை எழுதினார்கள். எழுதியவர் நந்தவனப் பிரதானி கச்சிராயர். ஏரிக்கரையில் நாற்பது குடியானவர்கள் பாத்தி பிடித்துப் பயிர் செய்துவந்த அந்த இடத்தை வளைத்து, ராஜாவுக்கு ஓர் ஊஞ்சல் மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். மண்டபத்துக் கல்லில் தமக்கு மிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் அவர் ஓலையில் எழுதவில்லை.

ஓலையில் முத்திரை விழவேண்டிய நாளில் ராஜாவின் கவனம் வேறிடத்தில் இருந்தது. முந்தின நாள் வேட்டையில் மழை பிடித்துக்கொள்ள, ஒரு காவல் குடிசையில் ஒதுங்கி, கேழ்வரகுக் களியைக் கீரைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டிருந்தார். நாக்கு இன்னும் அந்தக் குடிசையிலேயே இருந்தது.

"சபையோரே, கேழ்வரகு எதில் காய்க்கிறது?" என்று கேட்டார்.

மந்திரி தளபதியைப் பார்த்தார். தளபதி கூரையைப் பார்த்தார். கச்சிராயர் மட்டும், தெரியாது என்ற சொல்லைச் சொல்லிப் பழகாதவர்.

"மரத்தில், பிரபு. நெடிய மரம். கிளையை உலுக்கினால் பொலபொலவென்று உதிரும்."

தூணோரம் நின்ற சாத்தப்பன் சிரித்துவிட்டான். அந்தச் சபையில் சிரிப்பு மூட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் அவன். தானே சிரித்தால் ராஜாவுக்குப் பிடிக்காது.

"ஏன் சிரித்தாய்?"

"அந்த மர நிழலில் கொஞ்சம் உட்கார ஆசை வந்துவிட்டது, பிரபு."

"மரமில்லை என்கிறாயா?"

"இந்தச் சபைக்கு மட்டும் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? பால் செம்பில் சுரக்கிறது, பூசணி கடையில் காய்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில்தான் ஏரிக்கரை மண் குழி மூன்று பணத்துக்குப் போகும்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். புதிதாக ஒன்று தோன்றிவிட்டால் அவருக்குச் சிம்மாசனம் சுடும்.

"அப்படியானால் நீயே கற்பி. நூற்றிருபது நாள். ஊருக்குத் தெரிந்துவிட்டால் ஏரிக்கரை குடியானவர்களுக்கே. தெரியாவிட்டால் பிரதானியின் ஓலைக்கு முத்திரை."

கச்சிராயர் முன்னே வந்து கைகூப்பினார். "பிரபு, ஒரு விண்ணப்பம். சாத்தப்பன் பேசினால் கேட்டவர் எல்லாம் தலையாட்டிவிடுவார்கள். தலையாட்டுவது அறிவாகுமா? வாயால் ஒரு சொல்லும் ஓலையில் ஓர் எழுத்தும் இல்லாமல் அவர் கற்பிக்கட்டும்."

"பலே," என்றார் ராஜா. "எனக்கும் சொல்லாதே, சாத்தப்பா. நானும் ஊரோடு சேர்ந்தே தெரிந்துகொள்கிறேன்."

சாத்தப்பன் இரண்டே இரண்டு கேட்டான். சும்மா கிடக்கும் தேரடி மைதானம் ஒன்று. முரசறைந்து ஓர் அறிவிப்பு இன்னொன்று: நகரத்தின் பதினாறு தெருவுக்கும் மைதானத்தில் தெருவுக்கொரு பங்கு, ஒரு சிறு பை விதை. அதிகம் விளைவிக்கிற தெருவுக்கு அடுத்த தேரோட்டத்தில் வடத்தின் தலைப்பிடி.

அன்று மாலை ஏரிக்கரைக்குப் போனான். அங்கே நாற்பது குடும்பத்துக்கும் வாய் செம்பாயிதான். இடுப்பில் சொருகிய அரிவாளோடு அவனை எதிர்கொண்டாள்.

"ஒங்க வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்களாமே, சாமி. எங்க நெலம் போச்சுன்னு எடுத்துக்கலாமா?"

"பூட்டு என் வாய்க்குத்தான், செம்பாயி. ஒன் வாய்க்கு யாரும் போடலையே."

அவள் அவனையே பார்த்தாள். "சபையில அத்தனை பேர் இருந்தும், எங்களுக்கு வாய் இருக்குன்னு ஒருத்தருக்கும் நெனப்பு வரலியா?"

"வரல. நமக்கு அதுதான் லாபம்."

மறுநாள் மைதானம் திருவிழாவானது. தேர் வடம் என்றதும் பட்டுத் தெருவும் எண்ணெய்க்காரத் தெருவும் முதல் நாளே முறைத்துக்கொண்டன. பையைப் பிரித்தால் உள்ளே கடுகைவிடச் சின்னதாக, செம்மண் நிறத்தில் மணிகள். இதை என்ன செய்வது என்று சாத்தப்பனைக் கேட்டார்கள். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் விரலை நீட்டினான். விரலை நீட்டக் கூடாது என்று நிபந்தனையில் இல்லை.

அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் எட்டிப் பாராதவர்கள் எல்லாம் படையெடுத்தார்கள். செம்பாயியும் அவள் ஆட்களும் மைதானத்தில் இறங்கி, விரலால் கோடு கிழித்து, கோட்டில் விதை தூவக் காட்டினார்கள். பட்டுத் தெரு அங்கம்மாள், சீக்கிரம் முளைக்கட்டும் என்று ஒரு செம்புப் பாலோடு வந்தாள்.

"அந்தப் பாலை நீ குடி, தாயி," என்றாள் செம்பாயி. "மாடு போட்டது இன்னொண்ணு இருக்கே, அதை ஒரு கூடை கொண்டா. அது போதும் இதுக்கு."

"சாணியா? நான் தொட்டதே இல்லையே."

"எண்ணெய்க்காரத் தெருவுல காலையிலேயே ரெண்டு கூடை கொட்டிட்டாங்க."

அங்கம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். ஐந்தாம் நாள் முளை தெரிந்தபோது, பதினாறு தெருவும் தலைக்குத் தலை மண்டியிட்டுப் பார்த்தது. அன்று கடைத்தெருவில் வியாபாரமே நடக்கவில்லை. கல்லாவைப் பூட்டிவிட்டு முதலாளிமார் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள்.

இருபது நாள் ஆயிற்று. விதைத்ததோடு விதைக்காததும் சேர்ந்து எழும்பி, மைதானமே பச்சை. எது பயிர், எது களை என்று தெருவுக்குத் தெரு சண்டை. "ஆத்துப் பெருக்கு முடிஞ்சு வாங்க, காட்டித் தர்றேன். அதுக்குள்ள யாரும் கை வெச்சுடாதீங்க," என்று செம்பாயி எல்லோரையும் அதட்டி அனுப்பினாள்.

ஆடி பதினெட்டு. ஊரே சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டது. நடுப்பகலில் ஆளில்லாத மைதானத்தில் ஒரு பல்லக்கு வந்து நின்றது. கூடவே அரண்மனைச் சேவகர் ஒன்பது பேர். பல்லக்கிலிருந்து இறங்கியவர் கச்சிராயர். ஊர்க்காரர் முகத்தில் தெரிந்த உற்சாகத்தைப் பார்த்து, இதை விளையவிடக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தார்.

மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். மஞ்சள் பூவோடு துத்தி, வெள்ளைப் பூவோடு தும்பை, தரையில் படர்ந்த சாரணை. இவற்றுக்கு நடுவே ஒல்லியாக ஏதோ புல்.

"தண்டு தடித்தது, இலை அகன்றது, பூத்தது எல்லாம் நாளைக்கு மரமாகப் போகிறது. ஒன்று விடாமல் வேரோடு பிடுங்குங்கள். புல்லை விட்டுவிடுங்கள். மைதானத்தில் புல் முளைத்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும்."

ஒரு சேவகன் தயங்கினான். "ஐயா, இந்தப் புல்லு கோடு போட்டாப்ல வரிசையா நிக்குதுங்களே."

"புல்லுக்கு வரிசை ஒரு கேடா? சொன்னதைச் செய்."

ஒன்பது பேரும் குனிந்தவர்கள், பொழுது சாயும்வரை நிமிரவில்லை. பிடுங்கியதை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆற்றிலிருந்து திரும்பிய ஊர் மைதானத்தைப் பார்த்து அடித்துப் பிடித்து ஓடிவந்தது. அங்கம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு அக்கா. பூ விட்டிருந்துச்சு, எல்லாம் போச்சு."

நிலம் போகுமா நிற்குமா என்பது அந்த மண்ணில்தான் இருந்தது. செம்பாயி ஒரு பங்கைக் குனிந்து பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"யாரு பெத்த புள்ளைங்களோ, மகராசனுங்க. ஒத்தக் களை மிச்சமில்ல. வேரோட எடுத்திருக்கானுங்க. அழுவாத தாயி, இங்க வா. நீ புல்லுன்னு நெனைச்சியே, இதான் கேழ்வரகு."

பதினாறு தெருவும் சுற்றி நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாருக்கும் பயிரும் களையும் மாறவில்லை.

மறுநாள் சபையில் ராஜாவை வணங்கக் குனிந்த சேவகர்களில் ஒன்பது பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். சாத்தப்பன் அவர்களை எண்ணிக்கொண்டான். வாயைத்தான் திறக்கவில்லை.

நூற்றிருபதாம் நாள் ராஜா புறப்பட்டார். கச்சிராயர் ராஜாவின் பல்லக்கோடு கூடவே நடந்தார். "வீண் சிரமம், பிரபு. அங்கே இருப்பது வெறும் புல். கன்றுகள் எல்லாம் அப்போதே பட்டுப்போயின."

மைதானத்தில் அந்தப் புல், மடக்கிய விரல்கள் போலக் கதிர் சுமந்து தலைசாய்ந்து நின்றது. ராஜா அங்கம்மாளைக் கூப்பிட்டார்.

"அம்மா, கேழ்வரகு எதில் காய்க்கிறது?"

"புல்லுலங்க, மகாராஜா. புல்லுன்னு ஏமாந்துடக் கூடாது. இருபதாம் நாள் களை எடுக்கணும், எரு போடணும், கதிர் பழுத்தா முத்துன கதிரா பாத்து அறுக்கணும். பால் மட்டும் ஊத்தக் கூடாதுங்க, அது வீண்."

ராஜா இன்னொருவரைக் கேட்டார். அவர் இன்னும் நீளமாகச் சொன்னார். ஏழாவது ஆள் தொடங்கியதும் ராஜா கையெடுத்துக் கும்பிட்டு, "தெரிந்தது, தெரிந்தது," என்றார்.

கதிர் அடித்துத் தூற்றி, மணி குவிந்தது. எண்ணெய்க்காரத் தெரு இரண்டு படி முந்தி, தேர் வடத்தை வென்றது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிப் பங்கு பிரிக்கப் போகையில், செம்பாயி மரப்படியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மொதல்ல கூலி. களத்துல கூலி அளக்காம ஒரு மணியும் வீட்டுக்குப் போகாது. ஆடிப் பதினெட்டுல இங்க களையெடுத்தவங்க யாரோ, கூலி வாங்காமப் போயிட்டாங்க."

"பிரபு, கெடு முடிந்தது. இனி நான் பேசலாமா?" என்றான் சாத்தப்பன். ராஜா தலையசைத்ததும் சேவகர் பக்கம் திரும்பினான். "ஆளுக்கு ரெண்டு படி. இடுப்பு வலிச்சவங்க வந்து துண்டை விரிக்கலாம்."

இரண்டு படி கேழ்வரகு என்றால் சும்மாவா? ஒன்பது பேரும் வந்து வரிசையாகத் துண்டை விரித்தார்கள். கடைசியாக வந்தவன் நாணயமானவன்.

"நாங்க பிடுங்குனதோட சரிங்க. எதை எடுக்கணும், எதை விடணும்னு பக்கத்துல நின்னு காட்டிக் குடுத்தவர் பிரதானி ஐயாதான்."

ராஜா கச்சிராயரைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். மறுபடி கச்சிராயரைப் பார்த்தார். பிறகு கிரீடம் நழுவச் சிரித்தார்.

"பிரதானியாரே, உம்மைப் போலக் களையெடுக்க ஆள் கிடைத்தால் நாடு செழிக்கும். சாத்தப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"ஏரிக்கரை ஓலையில் குழி மூன்று பணம் என்ற வரியை அடித்துவிட்டு, நாற்பது பேரையும் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள், பிரபு. எனக்கென்று கேட்டால் பேரம் பேச நேரமாகும்."

முத்திரை அங்கேயே விழுந்தது. ராஜா தம் கைக்காப்பைக் கழற்றிச் சாத்தப்பன் கையில் மாட்டினார். அவன் அதன் எடையை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் வணங்கினான். பிறகு களத்துக் கணக்கை உரக்க வாசித்தான்.

மொத்த விளைச்சல் இருநூற்று நாற்பது படி. அதில் களையெடுத்த ஒன்பது பேருக்குப் பதினெட்டு. அடுத்த பட்டத்துக்கு விதை பன்னிரண்டு. ஏரிக்கரைக் குடும்பம் நாற்பதுக்கும் நாற்பது. அரண்மனைக் களிக்கு எட்டு. தெருவுக்குப் பத்தாகப் பதினாறு தெருவுக்கு நூற்றறுபது. மீதி இரண்டு படி, கச்சிராயரின் கங்காணிக் கூலி. வாங்க ஆள் வரவில்லை. பாக்கி.