கேள்வி கேட்காத நரியும் முட்டைக் கூடையும்

எங்கள் அலுவலகம் வேறு தெருவுக்கு மாறிய அன்று, சாமான் ஏற்ற வந்த வண்டியின் ஓட்டுநர் இந்தக் கதையைச் சொன்னார். அவரும் வேறு யாரிடமோ கேட்டதாம். எவ்வளவு முதலிலேயே இருந்தது, எவ்வளவு வழியில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டபடியே எழுதுகிறேன்.

ஓர் ஏரிக்கரையில், கருவேல மரத்தடியில், ஒரு கௌதாரி முட்டைக் காப்பகம் நடத்திவந்தது. இரை தேடித் தொலைவுக்குப் போகும் பறவைகள் தங்கள் முட்டைகளை அதனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். கௌதாரி அடைகாக்கும், புரட்டிவிடும், காவல் இருக்கும். குயில் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் பறந்துவிடும். கௌதாரி அதையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். அதனால் அதற்கு நல்ல பெயர்.

ஒரு கோடையில் பக்கத்துப் புற்றுக்குச் சாரைப்பாம்பு ஒன்று குடிவந்தது.

"இனி இங்கே தொழில் நடத்த முடியாது" என்று கௌதாரி முடிவு செய்தது. எதிர்க்கரையில், புங்க மரத்தடியில் நல்ல இடம் கிடைத்தது. ஆனால் நடுவில் வற்றிய ஏரி. ஒரு சிறிய குட்டையும் ஒரு மொட்டைப் பாறையும்தான் மிச்சம். மருந்துக்குக்கூட நிழல் இல்லை. அந்தப் பெரிய முட்டைக் கூடையைக் கௌதாரியால் தூக்க முடியுமா? இடம் மாற்றித் தருபவர்களைத் தேடியது.

முதலில் எருமை வந்தது. கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அக்கா, எந்த முட்டை முதலில் பொரியும்?"

"ஏன் கேட்கிறாய்?"

"அதை அசைக்காமல் வைக்க வேண்டுமே. வழியில் எங்கே நிழல்? அங்கே யார் இறக்குவார்கள்? வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாமா? நான் ஒருமுறை புது இடத்தைப் பார்த்துவிட்டு வரட்டுமா?"

கௌதாரிக்கு எரிச்சல் வந்தது. "ஏம்மா, இது உன் தொழிலா, என் தொழிலா? எல்லாவற்றையும் நானே சொல்வதற்கு நீ எதற்கு?"

"தெரிந்துகொள்ளாமல் எப்படி அக்கா தூக்குவது?"

"சரி சரி, சொல்லி அனுப்புகிறேன், போ!"

அடுத்து நரி வந்தது. கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்கள் வாயே திறக்க வேண்டாம் அக்கா! எங்களுக்கு இது அன்றாட வேலை. நேற்று ஒரு தேன்கூட்டையே மாற்றிக் கொடுத்தோம். இடம் மாறியது ஒரு தேனீக்கும் தெரியாது!"

கௌதாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அருகில் ஓர் ஆள்காட்டிப் பறவை நின்றிருந்தது. அது முதலில் இட்ட முட்டைகளைக் கீரி தின்றுவிட்டது. இந்த ஆண்டுக்கு அதற்கு மிஞ்சியது இந்தக் கூடையில் இருந்த நான்கு முட்டைகள் மட்டுமே. அது மெதுவாகக் கேட்டது: "நரி அண்ணா, வெயிலுக்கு என்ன ஏற்பாடு?"

நரி கௌதாரியைப் பார்த்துச் சிரித்தது. கௌதாரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சும்மா இரு! தொழில் தெரிந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? என் மானமே போகிறது!"

மறுநாள் கௌதாரி புது இடத்தில் வைக்கோல் பரப்ப முன்னாலேயே போய்விட்டது. நரி கூடையை வைக்கோலால் மூடியது. முதல் திருப்பத்திலேயே அதை இரண்டு குரங்குகளிடம் தள்ளிவிட்டது.

"அக்கரையில் போட்டுவிடுங்கள்!"

"உள்ளே என்ன?"

"கூடையைத் தூக்கச் சொன்னால் கூடையைத் தூக்குங்கள்!"

குரங்குகள் தூக்கின. பாதி வழியில் கரைப் பக்கமிருந்து ஈச்சம்பழ வாசனை வந்தது. கூடையைப் பாறைமேல் இறக்கிவிட்டுப் பழம் பறிக்க ஓடின. உச்சி வெயில் நெருப்பாகக் கொட்டியது.

இரை தேடிவிட்டு அந்தப் பக்கம் வந்த ஆள்காட்டி, பாறைமேல் இருந்த கூடையைப் பார்த்துப் பதறியது. குட்டைக்குப் பறந்தது. வயிற்று இறகுகளை நீரில் நனைத்தது. திரும்பி வந்து வைக்கோலை விலக்கி முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. இறகு காய்ந்ததும் மறுபடி குட்டைக்கு ஓடியது.

குட்டையில் கிடந்த எருமை தலையைத் தூக்கியது. "ஏனம்மா இந்த ஓட்டம்?"

"முட்டைகளைப் பாறையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்! வெந்துவிடும் போலிருக்கிறதே!"

கூடையை எருமையின் முதுகில் ஏற்றிவிட அங்கே ஒரு கை இல்லை. ஆகவே எருமை எழுந்து வந்து, தன் நிழல் கூடைமேல் விழும்படி நின்றது.

"உன்னைத்தான் வேண்டாம் என்று விரட்டினார்களே, அக்கா" என்று ஆள்காட்டி அழுதது.

"கௌதாரிதான் விரட்டியது. இந்த முட்டைகளா விரட்டின?"

வெயில் தாழ்ந்த பிறகுதான் குரங்குகள் வந்து கூடையைத் தூக்கிப் போயின. அக்கரையில் நரி முன்னால் வந்து நின்றுகொண்டது.

"எண்ணிக்கொள்ளுங்கள் அக்கா! ஒன்றாவது உடைந்திருக்கிறதா?"

"பொய்! பாறையில் போட்டுவிட்டுப் போனார்கள்!" என்று ஆள்காட்டி கத்தியது.

"ஒரு கீறல் காட்டு, பார்க்கலாம்!"

கௌதாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. ஒரு கீறலும் இல்லை. "பார், எவ்வளவு பத்திரமாக வந்திருக்கிறது!" என்று ஆள்காட்டியையே கடிந்துகொண்டது.

நாட்கள் போயின. கூடையின் அடியில் இருந்த முட்டைகள் பொரிந்தன. நிழல் வருவதற்குள் வெயில் பட்டுவிட்ட மேல் முட்டைகள் அப்படியே கிடந்தன. ஆள்காட்டியின் நான்கு முட்டைகளும் மேலேதான் இருந்தன. அழகாக, முழுதாக, உயிரில்லாமல்.

கௌதாரி நரியைக் கூப்பிட்டது. "என்னடா செய்தாய்?"

"கூடையைச் சேர்த்தேன். குஞ்சு பொரிப்பதும் என் வேலையா? குரங்குகளைக் கேளுங்கள்!"

"முட்டையா?" என்று குரங்குகள் திகைத்தன. "கூழாங்கல் என்றல்லவா நினைத்தோம்!"

"இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீயாவது என்னிடம் ஏதாவது கேட்டாயா?" என்று கௌதாரி சீறியது.

"கேட்கவில்லை என்றுதானே அக்கா என்னை உங்களுக்குப் பிடித்தது!" என்று சொல்லிவிட்டு நரி வாலை ஆட்டிக்கொண்டு போனது. அதை யார் என்ன செய்ய முடிந்தது? அடுத்த வாரம் முயல் வீடு மாற்றும் வேலையும் அதற்கே கிடைத்தது!

கௌதாரி ஆள்காட்டியின் பக்கம் திரும்பியது. "நரி நம்மை ஏமாற்றிவிட்டதம்மா."

"நான் நரியிடம் கொடுக்கவில்லை, அக்கா" என்றது ஆள்காட்டி. "உங்களிடம் கொடுத்தேன்."



பிறர் உன்னை நம்பிக் கொடுத்ததை, உன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தூக்க வருகிறவனிடம் கொடுத்துவிடாதே.

கேட்ட கதை என்பதால் ஒன்றை மட்டும் பிறகு சரிபார்த்தேன். ஆள்காட்டிப் பறவை கோடையில் உண்மையாகவே வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து, தன் முட்டைகளைக் குளிர்விக்கிறது. நரியைப் பற்றி யாரிடமும் விசாரிக்கத் தேவைப்படவில்லை.