புளியங்கொட்டை விழாத சட்டி

அந்த ஆற்றங்கரை மடத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் யாரை முதலில் கும்பிடுவது என்று குழப்பம்.

சீடர் பெயர் பூதலிங்கம். ஒரு நூற்பு மில்லில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்தவர். மனைவி இறந்தபின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மடத்துக்கு வந்தார். வந்த புதிதில் காய் நறுக்கும் கூடத்தில் உட்கார்ந்தார். பிறகு சுவாமி அவரிடம் மடைப்பள்ளி மேற்பார்வையைக் கொடுத்தார். அன்று இடுப்பில் ஏறிய சாவிக்கொத்து இன்னும் இறங்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவர் சுவாமி முன்னால் வந்து நின்றார்.

“சாமி, வேலை செய்யுறவங்களுக்குச் சந்தோஷம் ஏன் நிலைக்க மாட்டேங்குது? வந்த புதுசுல இருக்கு. அப்புறம் எங்க போயிருது?”

“போயிருச்சுன்னு யார் சொன்னா?”

“சட்டி சொல்லுது.”

சுவாமி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது கண்ணில் தெரிந்தது.

மில்லை விட்டாரே தவிர, தொழிலாளர் மனசை அளக்கும் மில் பழக்கத்தைப் பூதலிங்கம் விடவில்லை. சித்திரையில் மடைப்பள்ளி வாசலில் மூன்று மண்சட்டிகளை வைத்தார். பரிமாறுகிறவர்களுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, காய் நறுக்குகிறவர்களுக்கு ஒன்று. வேலை முடிந்து போகும்போது மனசு நன்றாக இருந்தால் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். இல்லையென்றால் சும்மா போகலாம். யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

“பரிமாறுறவங்க எல்லாம் புதுசு. ஆரம்பத்துல சட்டி நிறைஞ்சுது. ஆனி வந்ததும் பாதியாப் போச்சு” என்றார் பூதலிங்கம். “அடுப்படிக்காரங்க ஒருநாளைப் போல ஒருநாள் இல்ல. வெயில்ல ஒண்ணும் விழாது. பாயசம் நல்லாருக்குன்னு யாராவது சொல்லிட்டா அன்னைக்குச் சட்டி கொள்ளாது.”

“காய் நறுக்குறவங்க?”

“அங்கதான் சாமி எனக்கு மனசு கேக்கல. இருக்கிறதுலயே பழைய ஆட்கள். முதல் நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு கொட்டை விழல.”

“கேட்டீங்களா?”

“கேட்டா வாயால நல்லா இருக்கோம்னுதான் சொல்வாங்க. மில்லுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! அதான், குருபூசை முடிஞ்சதும் அவங்களுக்கு ஓய்வு கொடுத்திரலாம்னு இருக்கேன். நேத்தே சொல்லிட்டேன். சாமி உத்தரவு வேணும்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“எல்லாரும் குனிஞ்சு காயை நறுக்க ஆரம்பிச்சாங்க. ஆவுடையம்மா மட்டும் அருவாமனையைக் கழுவிச் சுவத்துல சாத்திட்டு, கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னா.”

சுவாமி கூடம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நீங்க அங்க உக்காந்திருந்தீங்களே, அப்ப எப்படி இருந்தது?” என்றார்.

பூதலிங்கத்தின் முகம் இளகியது. அவர் அனுமதி கேட்காமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அது ஒரு காலம் சாமி. விடியும்போதே பூசணிக்காயைக் குவிச்சிருப்பாங்க. நடுவுல கருப்பட்டிக் காப்பி வரும். ஒருத்தி கதை சொல்ல ஆரம்பிச்சா காய் தீர்ந்தாலும் கதை தீராது. வீட்டுல தனியா உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தவன் நான். திரும்பச் சிரிச்சது அந்தக் கூடத்துலதான்.” அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப அங்க சிரிப்பே கிடையாது. நான் போகும்போதெல்லாம் பாக்கேன். காய் நறுக்குற சத்தம் மட்டுந்தான்.”

“காலையில வாங்க. உத்தரவு அங்க வச்சுச் சொல்றேன்.”

காலையில் பூதலிங்கம் வந்ததும் சுவாமி கையை நீட்டினார்.

“சாவியைக் கொடுங்க.”

பூதலிங்கத்தின் கை இடுப்புக்குப் போனது. தன் மேற்பார்வையில் என்ன குறை வந்துவிட்டதோ என்று பயந்துகொண்டே கொத்தைக் கழற்றிக் கொடுத்தார். சுவாமி அதைத் துண்டில் சுற்றி, சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூடத்துக் கதவின் பின்னால் நின்றார். பூதலிங்கமும் நின்றார்.

உள்ளே சிரிப்பு. ஒருவர் இருவருடையது அல்ல, கூடம் முழுக்க.

“பிறகு என்ன ஆச்சுக்கா?” இது இந்த மாதம் வந்து சேர்ந்த சண்முகக்கனியின் குரல்.

“என்ன ஆச்சா! வெள்ளைச் சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு அண்ணாச்சி ஒரு குலை வாழைக்காயையும் உரிச்சுட்டாரு. கையில எண்ணெய் தடவணும்னு நாங்களும் சொல்லல.” ஆவுடையம்மாள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “கறை பிடிச்சு ரெண்டு கையும் அடுப்புக்கரி! சோப்பு போட்டாரு, சாம்பல் போட்டாரு, போவுமா? அன்னைக்குன்னு நம்ம சாமி எல்லாருக்கும் திருநீறு கொடுக்காக. இவரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்காரு. சாமி விடல. கடைசியில நீட்டினாரு பாரு, சாமியே சிரிச்சுட்டாக!”

“கோவப்பட்டிருப்பாரே!”

“அவருதான் எங்களைவிடச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சாரு.”

“அவரா? மேற்பார்வை ஐயாவா? எனக்குத் தெரிஞ்சு அவரு சிரிச்சதே இல்லையே.”

“நீ பாக்கல. சாவிச் சத்தம் கேட்டா நாங்களும் வாயை மூடிக்கிடுதோம். பெரிய பொறுப்புல இருக்கவரு, என்ன நினைப்பாரோன்னு.”

சண்முகக்கனி விடவில்லை.

“அக்கா, இவ்வளவு சிரிக்கீயளே, பிறகு ஏன் அந்தச் சட்டியில ஒரு கொட்டை போட மாட்டேங்கீய, என்னையும் போட விட மாட்டேங்கீய? அதனாலதான உங்களைப் போகச் சொல்லுதாரு?”

“போடக்கூடாதுன்னு நாங்க எல்லாரும் பேசி வச்சது, கனி.”

“எதுக்கு?”

“போட்டா, இவளுக நல்லாத்தான் இருக்காளுகன்னு அவரு அடுத்த சோலியைப் பாக்கப் போயிருவாரு. போடாட்டி, ‘என்ன ஆவுடை, என்ன குறை’ன்னு கேக்க வருவாருல்லா? வந்தா உக்காராம இருப்பாரா? உக்காந்தா ஒரு காயை எடுக்காம இருப்பாரா?” அவள் குரல் தாழ்ந்தது. “ஒவ்வொரு நாளும் எட்டி எட்டிப் பாக்காரு. வெறுஞ்சட்டியைப் பாத்துட்டு அப்படியே போயிருதாரு. இப்ப எங்களையே போகச் சொல்லிட்டாரு. போ, அந்தத் தண்ணிச் சட்டியை இங்கிட்டு நகத்து.”

கதவின் பின்னால் பூதலிங்கம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவை சுத்தமாக இருந்தன. ஒரு கறை இல்லை. அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

“சாமி” என்றார் மெல்ல. “நான் ரொம்ப தூரம் போயிட்டேனோ?”

“கூடம் இங்கதான் இருக்கு.”

“உள்ள போனா பேச்சை நிறுத்திருவாங்களே சாமி.”

சுவாமி சாவிக்கொத்தைத் துண்டோடு தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அவங்க ஓய்வுக்கு உத்தரவு கேட்டேனே” என்றார் பூதலிங்கம். தான் எதற்கு வந்தோம் என்று அவருக்கே அப்போதுதான் நினைவு வந்ததுபோல் இருந்தது.

சுவாமி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“கையில எண்ணெய் தடவிக்கிட்டு உக்காருங்க. இன்னைக்கும் வாழைக்காய்தான்.”