மோகனத்தில் தொடாத கட்டை

குளித்தலைப் பக்கத்து மடம் ஒன்றில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர் சடையப்பர். மடத்துத் தலைவி பூரணி அம்மாளைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் அம்மாள்தான் அவருக்குக் குரு.

ஒருநாள் அவர் மூன்றாவது தொன்னை சர்க்கரைப் பொங்கலை வழித்துக்கொண்டிருந்தபோது அம்மாள் பார்த்துவிட்டார்.

“உங்களுக்குச் சர்க்கரை ஏறுதுன்னு டாக்டர் சொன்னாரே?”

“இது பிரசாதம்மா. இதெல்லாம் ஏறாது.”

“காலையில நடக்கிறதையும் நிறுத்திட்டீங்களாமே?”

சடையப்பர் தொன்னையைக் கீழே வைத்தார். சர்க்கரை நோயால் அவருடைய அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு கால் போனது. வரும் ஐப்பசியில் இவருக்கும் நாற்பத்தாறு. பாவம், மனிதர் மிரண்டு போயிருந்தார்.

“அப்பாவோட மரபணு எனக்குள்ளயும் இருக்குதும்மா. டாக்டரே சொன்னார். போகப்போற காலுக்கு எதுக்கு நடை?”

“மிச்சத்தையும் சொல்லியிருப்பாரே?”

“நடங்க, நல்லாத் தூங்குங்க, இனிப்பைக் குறைங்கன்னார். அது எல்லாருக்கும் சொல்றதுதானேம்மா!”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, கையைக் கழுவிட்டு வந்து மோகன ராகத்துல ஒரு பாட்டு வாசிங்க.”

அந்த ஆர்மோனியமும் அப்பா விட்டுப்போனதுதான். சடையப்பர் துருத்தியை அசைத்து வாசித்தார். என்னதான் பயமிருந்தாலும் கை பிசகவில்லை. முடியும் நேரத்தில் அம்மாள் விரலை நீட்டி நடுவில் ஒரு கட்டையை அழுத்தினார். காது கூசியது.

“அம்மா! மோகனத்துல அந்த ஸ்வரமே கிடையாது, அதைத் தொடக்கூடாது!”

“இவ்வளவு நேரம் இது கேக்கலையே. பிடுங்கிப் போட்டிருந்தீங்களோ?”

“அது பெட்டிக்குள்ளதான் இருக்கு. நான் விரல் வைக்கலை, அவ்வளவுதான்.”

சொன்ன பிறகுதான் சடையப்பர் தன் விரல்களைப் பார்த்தார். ஆனாலும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

“மழைக்காலத்துல ஒரு கட்டை ஒட்டிக்கிட்டு, நான் தொடாமலே கத்துமே. அதுக்கு என்ன சொல்றீங்க?”

“அதைப் பார்க்க ரிப்பேர்காரர் இருக்கார். உங்களைப் பார்க்க டாக்டர் இருக்கார்.” அம்மாள் மூன்றாவது தொன்னையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “ஒரு கட்டை தானா கத்துதுன்னு, மத்த கட்டைங்க மேலெல்லாம் ஏறி உக்காருவீங்களா?”