முதல் பக்கத்துக்குப் போன தலையணை

போடிநாயக்கனூரில் குபேந்திரன் தலையணைக் கடை எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வதில்லை. "தும்மல் சத்தம் எந்தத் தெருவுல கேக்குதோ அங்க போங்க" என்பார்கள். இலவம்பஞ்சு அப்படிப் பறக்கும்.

கடையில் நான்கு பேர். முதலாளி குபேந்திரன். அவருடைய மனைவியின் தம்பி சௌந்தரம். தரம் பார்ப்பது அவர் பொறுப்பு. தலையணையைக் கையில் தூக்கி, கண்ணை மூடி, இரண்டு தட்டுத் தட்டி, "பஞ்சு கம்மி" என்பார். கடை தொடங்கியதிலிருந்து அவர் வேறு தீர்ப்பு சொன்னதில்லை. பொட்டலம் கட்ட மொக்கச்சாமி. நான்காவது ஆள், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாகஜோதி.

நாகஜோதி பி.காம். படித்தவள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். "எம்மக கம்ப்யூட்டர் வேலை பாக்குறா" என்று அவள் அம்மா தெருக்குழாய்க்கு வருகிற எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். குழாய்க்கு வராதவர்களிடம் வீடு தேடிப் போய்ச் சொல்லியிருந்தாள்.

இந்த நிலையில்தான் ஆடி மாதம் பிறந்ததும் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஏம்மா நாகஜோதி, நெட்டுல தலையணைன்னு தேடிப் பாத்தேன். பக்கம் பக்கமாத் தள்ளிக்கிட்டே போறேன், விரலு மரத்துப் போச்சு, நம்ம கடையக் காணோம். ஆவணியில கல்யாண சீருக்கு ஊரே மெத்தை தலையணை வாங்கும். அதுக்குள்ள நம்ம வெப்சைட்டு முத பக்கத்துக்கு வரணும். வரலைன்னா கம்ப்யூட்டர வித்துருவேன். நீ பஞ்சு ரூமுக்குப் போயிரு."

நாகஜோதிக்குப் பஞ்சு ரூம் வாசலைத் தாண்டினாலே தும்மல் வரும். உள்ளே போனால் நிற்காது. போதாததற்கு, அம்மா தெரு முழுக்கச் சொன்னதைத் திரும்பவும் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டு வர முடியுமா?

மறுநாள் சென்னையிலிருந்து நிரஞ்சன் என்ற ஆலோசகர் வீடியோ காலில் வந்தார். ஒரு கையில் சாண்ட்விச், இன்னொரு கையில் இன்னொரு போன். நான்கு பேரும் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள்.

"சிம்பிள் சார்," என்றார் நிரஞ்சன். "உங்க வெப்சைட்ல வாடிக்கையாளர்களை எழுத வைங்க. நீங்க எழுதக் கூடாது, கடையில வேலை பார்க்கிறவங்களும் எழுதக் கூடாது. பொருளைப் பயன்படுத்தறவங்கதான் எழுதணும். சும்மா ஒரு வரி இல்ல, முந்நூறு வார்த்தையாவது வேணும். வேற யாரும் எழுதாத மாதிரி சொந்தமா இருக்கணும். தரமானதை மேல வைங்க. தேடறவங்க தானா வருவாங்க." அதற்குள் இன்னொரு போன் அடித்தது. திரை அணைந்தது.

"பெரிய ஆளு," என்றார் சௌந்தரம். "சாப்புட்டுக்கிட்டே சொல்லிட்டாரு."

அன்று மாலையே முதல் விமர்சனம் வந்துவிட்டது. தலையணை வாங்கிய உசிலம்பட்டி வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல தலையணை."

நாகஜோதி அதைத் தாளில் அச்சடித்துத் தரம் பார்க்கக் கொடுத்தாள். சௌந்தரம் தாளைக் கையில் தூக்கினார். கண்ணை மூடினார். இரண்டு தட்டுத் தட்டினார்.

"பஞ்சு கம்மி."

நாகஜோதி வாத்தியாருக்குப் போன் போட்டாள். "சார், நீங்க எழுதினது ரெண்டு வார்த்தை. இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தெட்டு வேணும் சார்."

"எதுக்கும்மா? தலையணை நல்லாருக்கு. அவ்வளவுதான?"

"அத நான் சொல்லக் கூடாது சார். நீங்கதான் சொந்தமா சொல்லணும்."

வாத்தியார் போனை வைத்துவிட்டார். பிறகு அந்த இரண்டு வார்த்தையையும் வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"இருந்ததும் போச்சே!" என்றார் முதலாளி.

சௌந்தரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மச்சான், தப்பு எங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தச் சென்னைக்காரரு என்ன சொன்னாரு? பயன்படுத்துறவங்க எழுதணும்னாரு. பயன்படுத்துனவங்கன்னு சொல்லல. வாத்தியாரு எழுதுறப்ப எங்க இருந்தாரு? மேசையில. தலையணை எங்க இருந்துச்சு? கட்டில்ல. அப்ப அது எப்படிச் செல்லும்?"

இது மற்ற மூவரையும் உலுக்கிவிட்டது.

"அப்ப தலையணையில தலைய வச்சுக்கிட்டே எழுதணும்ங்கிற?"

"அதான் மச்சான் சட்டம்."

உடனே கடையின் பின்பக்கம் சரக்கு அடுக்கும் கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்தார்கள். மின்விசிறி மாட்டினார்கள். "படுத்துப் பாருங்கள், படுத்தபடியே எழுதிக் கொடுங்கள்" என்று வாசலில் பலகை வைத்தார்கள். மத்தியான வெயிலில் ஏலக்காய் ஏலம் முடிந்து வந்தவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுக் கும்பலாக உள்ளே நுழைந்தார்கள்.

தலையணை நல்ல தலையணை. தலையை வைத்த மாத்திரத்தில் எல்லாரும் தூங்கிப் போனார்கள். கிட்டங்கியில் குறட்டை எழும்பியது. நாகஜோதி ஒவ்வொருவர் கையிலும் தாளையும் பேனாவையும் செருகிவிட்டு, அவர்கள் பக்கத்தில் முழங்காலிட்டுக் காத்திருந்தாள். எந்தப் பேனாவும் அசையவில்லை.

"இது பெரிய சிக்கலா இருக்கே," என்று முதலாளி மெதுவாகச் சொன்னார். "தூங்குறவன் எழுத மாட்டேங்குறான்."

"எழுப்பி எழுதச் சொல்லுவமா?" என்றான் மொக்கச்சாமி.

"எழுப்பிட்டா அவன் தலையணையப் பயன்படுத்தலையேடா," என்றார் சௌந்தரம். "தூங்குனா எழுத முடியாது. முழிச்சா செல்லாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்கும். அதப் புடிக்கணும்."

அந்த நடுவேளையைப் பிடிக்கும் பொறுப்பு நாகஜோதிக்கு வந்தது. எந்த வேலையைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள் அவள். ஏலக்காய்த் தரகர் வீரபுத்திரன் என்பவர் எல்லாருக்கும் மேலே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் முழிங்க. ரொம்ப முழிச்சிராதீங்க. தூக்கம் எப்படி இருக்கு?"

வீரபுத்திரன் பதறி எழுந்தார். "என்னம்மா? தீப்புடிச்சிருச்சா?"

"இல்லண்ணே. எந்திரிக்காதீங்க, எந்திரிச்சா செல்லாது. படுத்துக்கிட்டே எழுதுங்க."

அவர் படுத்தார். தாளை மேலே தூக்கிப் பிடித்து எழுதப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்த பேனாவில் மை இறங்கவில்லை. பேனாவை உதறியபடியே மறுபடி தூங்கிப் போனார். நாகஜோதி மறுபடி எழுப்பினாள். அவர் தூங்கினார். அவள் எழுப்பினாள். கடைசியில் வீரபுத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போகிற வழியில் தன் போனில் வெப்சைட்டைத் திறந்து ஒரே ஒரு ஸ்டார் போட்டு எழுதினார்: "இந்தக் கடையில் தலையணை நன்றாக இருக்கிறது. தூங்கத்தான் விடமாட்டார்கள்."

முதலாளி தலையில் கை வைத்தார். "அத அழிச்சிரும்மா."

நாகஜோதிக்குக் கை வரவில்லை. அவர் எழுதியது பொய்யில்லையே! எதற்கும் கேட்டுவிடலாம் என்று நிரஞ்சனுக்குப் போன் போட்டாள். அவர் எங்கேயோ லிஃப்டில் இருந்தார். "அழிக்கவே கூடாது! கெட்ட விமர்சனம் வந்தா உடனே, மரியாதையா, பொறுமையா பதில் சொல்லுங்க. நம்ம மேல நம்பிக்கை வரும்" என்றார். லிஃப்ட் மூடிக்கொண்டது.

உடனே என்றால் உடனே. மரியாதை என்றால் மரியாதை. விடிந்தும் விடியாமல் நான்கு பேரும் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு ஜோடி புதுத் தலையணை எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வீரபுத்திரன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் மனைவி பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பாயை விரித்துவிட்டு உள்ளே போய்க் கணவரை எழுப்பினார்.

"அண்ணே," என்று முதலாளி கும்பிட்டார். "பதில் சொல்ல வந்திருக்கோம்."

"என்ன பதில்?"

முதலாளி சௌந்தரத்தைப் பார்த்தார். சௌந்தரம் நாகஜோதியைப் பார்த்தார். என்ன பதில் என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. ஆனால் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆகவே பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறி வாசலுக்கு வந்த பிறகு விடைபெற்றார்கள்.

மத்தியானம் வீரபுத்திரனின் இரண்டாவது விமர்சனம் வந்தது: "வீட்டிலும் தூங்க விடமாட்டார்கள்."

"ஒரே ஆளு ரெண்டு எழுதிட்டாரு பாருங்க," என்று மொக்கச்சாமி சந்தோஷப்பட்டான்.

முதலாளி சந்தோஷப்படவில்லை. ஆடியும் முடியப் போகிறது. அவர் கணினியை ஒரு சாக்கால் அளந்து பார்த்தார். விற்பதற்குத்தான்.

சௌந்தரம் நாகஜோதியைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, பேசாம நீயே ஒரு பத்துப் பேரு பேருல எழுதிப் போட்டுரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"வேலை பாக்குறவங்க எழுதக் கூடாதுன்னு சொன்னாரேண்ணே."

"பஞ்சு ரூமுக்குப் போறியா?"

நாகஜோதி கண் கலங்கினாள். "போறேண்ணே. பொய் எழுத வராதுண்ணே எனக்கு."

கடைசி நாள் வந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து நாகஜோதி பல நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கணினியை விலைக்குக் கேட்டவர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசியாக ஒருமுறை வெப்சைட்டைத் திறந்து, விமர்சனம் எழுதும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேசையில் பொட்டலம் கட்டாத தலையணை ஒன்று கிடந்தது. அதை இழுத்துக் கீபோர்டின் மேல் போட்டுக் கன்னத்தைச் சாய்த்தாள். கண் சொருகியது.

தலையணையின் மூலை ஒரே ஒரு எழுத்தின் மேல் விழுந்து அழுத்தியது. திரையில் ழ ஓடத் தொடங்கியது. ழழழழழழழ என்று வரி வரியாக ஓடியது. நாகஜோதி தூங்க, ழ ஓட, மின்விசிறி சுற்ற, ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று.

முதலில் பார்த்தவர் சௌந்தரம். சத்தம் போடாமல் முதலாளியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"மச்சான், பாருங்க. தூங்குறா. எழுதுறா!"

முதலாளிக்கு மெய் சிலிர்த்தது. "அந்த நடுவேளைன்னியே மாப்ள…"

"இதான் மச்சான் அது!"

சத்தத்தில் நாகஜோதி திடுக்கிட்டு எழுந்தாள். எழுந்த பதற்றத்தில் கை பட்டு, எழுதியது அப்படியே வெப்சைட்டில் ஏறிவிட்டது. திரையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. "முதலாளி, மன்னிச்சிருங்க. இது நான் எழுதலைங்க. தலையணைதான் எழுதிருச்சு. நான் வேற கடையில வேலை பாக்குறவ, நான் எழுதவும் கூடாது. அழிச்சிர்றேன்."

"கைய எடு!" என்று கத்தினார் சௌந்தரம். பிறகு அதை அச்சடித்தார்கள். தாள் வந்துகொண்டே இருந்தது. மை தீர்ந்து வேறு மை போட்டார்கள். அந்தக் கட்டைச் சௌந்தரம் இரு கையாலும் தூக்கினார். கண்ணை மூடினார். தட்டினார். இன்னொரு தட்டுத் தட்டினார். கடை தொடங்கியதிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

"பஞ்சு சரியா இருக்கு."

மொக்கச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு ஒரு சந்தேகம் கேட்டான். "முந்நூறு வார்த்தை கேட்டாரு. இது எடைவெளியே இல்லாம ஒரே வார்த்தையால்ல இருக்கு?"

"முந்நூறு தலையணைப் பஞ்சை ஒரே உறையில அடைச்சிருக்கா. அதுக்குப் பேரு தரம்," என்றார் சௌந்தரம். "வேற யாராச்சும் இப்படி எழுதிருக்காங்களா? சொந்தச் சரக்கு. அதுலயும் பாரு, ழ! வேற எந்த எழுத்தாச்சும் வந்துச்சா? தமிழுக்கே உள்ள எழுத்து."

"ஆனா இந்தப் புள்ள நம்ம கடை ஆளாச்சே," என்று முதலாளி தயங்கினார்.

நால்வரும் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் முதலாளியே வழி கண்டுபிடித்தார். "வேலை நேரத்துல தூங்குனா அது வேலையில்ல. அப்ப அவ கடை ஆளும் இல்ல, வாடிக்கையாளர். இன்னைக்கு மத்தியானம் அவளுக்கு அரை நாள் லீவு."

லீவு போட்ட பிறகு நாகஜோதிக்கும் மனச்சாட்சி அடங்கியது.

கணினியை விலைக்குக் கேட்டவர் சாயங்காலம் வந்தபோது நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த நாலு நாளும் போயிற்று. முதலாளி அச்சடித்த தாளைப் பார்த்துப் பார்த்து, ஒரு ழகூடக் குறையாமல் தேடும் பெட்டியில் அடிக்கத் தொடங்கினார். பாதியிலேயே பெட்டி 'போதும்' என்று நிறுத்திக்கொண்டது. தேடச் சொன்னார். முதல் பக்கம் வந்தது. முதல் வரியில் குபேந்திரன் தலையணைக் கடை. இரண்டாவது வரியில் யாருமில்லை. உலகத்திலேயே யாருமில்லை.

கணினியை வாங்க மறுபடி வந்தவரைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். நாகஜோதியின் அம்மா அன்று குழாயடிக்கு இரண்டு தடவை போய் வந்தாள்.

இனி ஒரே ஒரு குறைதான். என்ன எழுதித் தேட வேண்டும் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே! முதலாளி பேனர் அடித்தார். பேருந்து நிலையத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வெள்ளைத் துணியில் கறுப்பு ழ. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கல்யாணத்துக்கு வந்த ஜனம் முழுவதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, பேனரைப் பார்த்து ஒவ்வொரு ழவாக எண்ணி எண்ணி அடிக்கத் தொடங்கியது. கால்வாசி தாண்டுவதற்குள் ஒவ்வொருவருக்கும் கொட்டாவி வந்தது. பாதியில் கண் சொருகியது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் சரிந்தார்கள். தேனிப் பேருந்தின் நடத்துநர் டிக்கெட் கட்டோடு தூணில் சாய்ந்து தூங்கினார். வரிசையின் கடைசியில், பல நாளைக்குப் பிறகு, ஏலக்காய்த் தரகர் வீரபுத்திரன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார்.

மொக்கச்சாமி ஓடி ஓடி எல்லார் தலைக்கும் தலையணை வைத்தான். நாகஜோதி தாளும் பேனாவுமாக வந்து, வீரபுத்திரனின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் முழிங்க. ரொம்ப முழிச்சிராதீங்க…"